சங்கு ஊதாத ஆலை



நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் "மேலே என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்பது என் வழக்கம். நான் ரயில்வேயில் சேர்ந்த புதிதில் இப்படிக் கேட்டால், "ரயில்வே பரீட்சை எழுதுவேன்", "ஐ.டி.ஐ. சேருவேன்" என்றுதான் பதில் வரும். இப்போது வணிகவியல் எடுத்த பிள்ளைகள் தலை நிமிர்ந்து, "சி.ஏ. முடித்துப் பெரிய ஆடிட் கம்பெனியில் சேருவேன்" என்கிறார்கள். கேட்கக் காது குளிர்கிறது. தாராவிச் சந்திலிருந்தும் ஆன்டாப் ஹில் குடிசையிலிருந்தும் ஒரு பிள்ளை கண்ணாடிக் கட்டடத்தின் இருபதாவது மாடிக்கு ஏறிப் போவது சின்னக் காரியமா?

ஆனால் ஏறிப் போன பிள்ளை அங்கே என்ன பாடுபடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? நானே கேட்கவில்லை. அந்தத் தவற்றை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன், சி.ஏ. படிப்பின் ஆழம் அறியாதவன். ஆனால் ரயில்வேயில் வருகைப் பதிவேடும் ஓவர்டைம் பில்லும் எழுதிப் பிழைப்பவன். உழைத்த மணிக்கும் எழுதிய மணிக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும்.

கணக்கு நாற்காலி நமக்குப் புதிதல்ல

இந்த நகரம் பம்பாயாக இருந்த நாளிலேயே கணக்கர், தட்டச்சர், சுருக்கெழுத்தர் வேலைகளில் தமிழர் நிறைந்திருந்தார்கள். 1966-இல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் கோபமே அந்த நாற்காலிகள் மேல்தான். கம்பெனி வாரியாகத் தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டுப் பத்திரிகையில் அச்சிட்டார்கள். கடைகள் உடைந்தன, நம்மவர் அடிபட்டார்கள். அன்று நம் முன்னோர் அடிக்கு அஞ்சாமல் காத்த நாற்காலி அது. அதனால்தான் பிள்ளை கணக்குத் துறையில் சேர்ந்தால் நமக்கு இவ்வளவு பெருமை.

அன்றைய கணக்கருக்கு மாலை ஐந்தரைக்குப் பேரேட்டை மூடி வைக்கும் உரிமை இருந்தது. இன்று அது இல்லை.

டெலாய்ட், பிடபிள்யுசி, ஈ.ஒய்., கே.பி.எம்.ஜி. என்று நான்கு பெயர்கள் உலகத்துப் பெரிய கம்பெனிகளின் கணக்குத் தணிக்கையைத் தம் கையில் வைத்திருக்கின்றன. 1980-களில் இவை எட்டாக இருந்தன. 1989-லும் 1998-லும் ஒன்றோடொன்று சேர்ந்தன, 2002-இல் என்ரான் மோசடியின் பின்விளைவாக ஆர்தர் ஆண்டர்சன் சரிந்தது, மீதி நான்கு. இவற்றுக்கு அடுத்த வரிசையில் வேறு பல பெரிய நிறுவனங்களும் உண்டு. என் அக்காள் மகள் வேலை பார்த்தது இவற்றில் எது, எந்த வரிசை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு நிறுவனத்தைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. அந்தத் தொழில் நடக்கும் முறையைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஒரு வீட்டில் இரண்டு மணி

என் அத்தான் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறார். இரவு இரண்டரை மணிக்கு அக்காள் எழுந்து அடுப்பு மூட்டுவாள். விடியுமுன் அத்தான் சைக்கிளில் அண்டாவைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த இட்லிக் காசில்தான் மகள் சி.ஏ. படித்தாள். ஒரு ஆடிட்டரிடம் மூன்று ஆண்டு ஆர்ட்டிகிள் பயிற்சி இருந்தாள். அந்தப் பயிற்சி இப்போது வருபவர்களுக்கு இரண்டு ஆண்டு. அப்போது அவள் பெற்ற உதவித்தொகை ரயில் பாஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. பரீட்சையில் இரண்டு முறை விழுந்து மூன்றாம் முறை எழுந்தாள். பெரிய கம்பெனியில் வேலை கிடைத்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்தோம்.

முதல் மாதங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு மார்ச் வந்தது. மார்ச் 31-ஆம் தேதி ஊரெல்லாம் தூங்கும்போது பிவண்டிப் பக்கம் ஒரு கிடங்கில் சரக்கு இருப்பை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வீட்டில் அவள் முகம் பார்ப்பதே அரிதானது. கம்பெனிக் கார் அவளைக் கொண்டுவந்து மெயின் ரோட்டில் இறக்கிவிடும் நேரம் இரவு இரண்டு, இரண்டரை. தாய் அடுப்பு மூட்ட எழும் நேரமும் மகள் வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகிவிட்டன. "நல்லதாப் போச்சு, கதவு திறக்கத் தனியா எழுந்திரிக்க வேண்டாம்" என்று அக்காள் சிரித்தாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு அவள் என்னிடம், "மாமா, என்னால முடியல" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏசியில உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே பிள்ளே. உன் தாத்தா தண்டவாளத்துல வெயில்ல நின்னவரு. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். தொழிற்சங்க மேடையில் எட்டு மணி நேரத்துக்காக முழங்கும் வாய் வீட்டில் சொன்னது இது!

அடுத்த மே மாதம் ஒரு நாள் கார் வரத் தாமதமாகும் என்று ஸ்டேஷனுக்கு நடந்து போய் இரவு லோக்கலில் ஏறியிருக்கிறாள். சயானில் இறங்க வேண்டியவள் கல்யாணில் கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம், எந்தத் திசையில் வீடு என்று சிறிது நேரம் அவளுக்குப் புரியவில்லை. பணியிலிருந்த பெண் போலீஸ் ஒருவர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது பிளாட்பார பெஞ்சில் லேப்டாப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "மாமா, மணி என்ன? ஒன்பதுக்குள்ள ஃபைல் அனுப்பணும்."

விழுங்கப்படும் மணிகள்

மறுநாள் அவளை அலுவலகம் போக விடாமல் வீட்டில் வைத்துக்கொண்டு, என் தொழில் புத்தியில் ஒரே கேள்வி கேட்டேன். "உங்க ஆபீஸில் வேலை நேரம் எழுதும் ஏடு உண்டா?"

உண்டு. வாரம் தவறாமல் கணினியில் எழுத வேண்டும். எந்தக் கம்பெனியின் கணக்குக்கு எத்தனை மணி என்று தனித்தனிக் குறியீட்டில் பதிய வேண்டும். அதற்கு டைம்ஷீட் என்று பெயர். "போன வாரம் எத்தனை மணி உழைச்சே?" என்றேன். விரல் விட்டு எண்ணினாள், எழுபத்தெட்டு வந்தது. "எத்தனை எழுதினே?" நாற்பத்தைந்து.

தோழர்களே, ரயில்வேயில் செய்யாத மணியை எழுதினால் குற்றம். அங்கே செய்த மணியை எழுதாமல் விடுவது வழக்கம்! ஏன்?

தணிக்கைக்கு வரும் கம்பெனியோடு ஆண்டுத் தொடக்கத்திலேயே கட்டணம் பேசி முடித்துவிடுகிறார்கள். மற்ற நிறுவனத்தை முந்துவதற்காகக் கட்டணத்தைக் குறைத்துப் பேசுகிறார்கள். அந்தக் கட்டணத்துக்குள் இத்தனை ஆள், இத்தனை மணி என்று ஒதுக்கீடு வகுக்கிறார்கள். வேலை அந்த மணிக்குள் முடிவதில்லை. கேட்ட ரசீது வராது. வங்கிக் கடிதம் வராது. கொடுத்த பட்டியல் தப்பாக இருக்கும். மணி கூடினால் மேனேஜர் பதில் சொல்ல வேண்டும். மேனேஜரைப் பார்ட்னர் கேட்பார். ஆகவே "கொஞ்சம் பார்த்து எழுது" என்று ஒரு வார்த்தை மேலிருந்து கீழே இறங்கி வரும். அதிகமாக எழுதியவள் வேகம் இல்லாதவள் என்று ஆண்டு மதிப்பீட்டில் பெயர் வாங்குவாள். எனவே பிள்ளைகள் தங்கள் மணியைத் தாங்களே விழுங்குகிறார்கள்.

கேடு அத்தோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வகுக்கும்போது எடுத்துப் பார்ப்பது இந்தப் பொய் ஏட்டைத்தான். "சென்ற ஆண்டு நாற்பத்தைந்தில் முடிந்ததே!" என்று அதே நாற்பத்தைந்தை மறுபடி ஒதுக்குகிறார்கள். இந்த ஆண்டு விழுங்கிய மணி அடுத்த ஆண்டு வரும் இன்னொரு பிள்ளையின் கழுத்துக்குச் சுருக்காகிறது.

ஊரார் கணக்கெல்லாம் உண்மையா என்று சோதித்துக் கையொப்பம் இடும் இடத்தில், உழைத்தவளின் கணக்கு மட்டும் பொய்! இதைவிடப் பெரிய முரண்பாட்டை நான் கண்டதில்லை.

இந்த நெருக்கடி ஆண்டுக்கு ஒரு முறை வந்து போவதும் அல்ல. பங்குச் சந்தையில் பதிவான கம்பெனி ஆண்டுக் கணக்கை மே 30-க்குள் வெளியிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் கணக்குக்கு நாற்பத்தைந்து நாள் கெடு. இடையில் வருமான வரித் தணிக்கைக்குத் தனிக் கெடு. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உட்கார்ந்து அமெரிக்கக் கணக்குப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த நாட்டுக் கெடுவும் சேர்கிறது. அவர்கள் பகல் நமக்கு இரவு. அறுவடை முடிந்தால் ஓய்வு என்பது விவசாயிக்கு. இங்கே அறுவடை முடிவதே இல்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும்

ஒருதலையாக எழுதுவது நேர்மையல்ல. அந்த வேலையில் கற்பது ஏராளம். இருபத்தைந்து வயதில் ஒரு சிமெண்டு ஆலையின் வரவு செலவு முழுவதையும் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? சம்பளம் அவள் தகப்பனார் ஒரு மாதத்திலும் பார்க்காத தொகை. அங்கே சில ஆண்டு இருந்தவருக்கு வேறு கம்பெனிக் கதவுகள் எளிதில் திறக்கின்றன. எல்லாக் குழுவும் ஒன்றுபோல் இல்லை. பிள்ளைகளை எட்டு மணிக்கு வீட்டுக்கு விரட்டும் மேனேஜரும் உண்டு என்று என் மருமகளே சொன்னாள். நாள் முழுதும் கஷ்டப்பட்டாலும் கூடவே உட்கார்ந்து பிழை திருத்தித் தந்த மூத்தவர் ஒருவரை இன்றும் அவள் மரியாதையோடுதான் பேசுகிறாள்.

ஆனால் நல்ல மேனேஜர் வாய்ப்பது அதிர்ஷ்டம். உழைப்பவன் உயிர் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கலாமா?

பூனாவில் போன உயிர்

2024 ஜூலையில் பூனாவில் இப்படி ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருத்தி, வேலைக்கு வந்த நான்கே மாதத்தில் இறந்து போனாள். வேலைச் சுமையே மகளைக் கொன்றது என்று தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடெங்கும் படிக்கப்பட்டது. இறுதிச் சடங்குக்குக்கூட அலுவலகத்திலிருந்து எவரும் வரவில்லை என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். சாவுக்கு வேலைச் சுமை காரணமல்ல என்று நிறுவனம் மறுத்தது. அது எப்படியாயினும், விசாரிக்கப் போன மாநிலத் தொழிலாளர் துறை வேறொன்றைக் கண்டது. 2007 முதல் நடந்து வந்த அந்த அலுவலகம், வேலை நேரத்தை வரையறுக்கும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவே பெறவில்லை! நம் தெருவில் டீக்கடை போட்டவன் பதிவுக்காக அலைகிறான்.

அந்த நாட்களில் சென்னையில் ஒரு கல்லூரி நிகழ்ச்சியில் பேசிய நிதியமைச்சர், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்றார். எதிர்ப்பு எழுந்ததும், இறந்த பெண்ணைக் குறைசொல்லும் எண்ணமில்லை என்று விளக்கம் தந்தார். எனக்கு அமைச்சர் மேல் கோபம் வந்தது. உடனே வெட்கமும் வந்தது. தீபாவளியன்று என் அக்காள் வீட்டில் நான் சொன்னதும் அதே பேச்சுத்தானே!

உள்வலிமையால் தாங்கக் கூடியதா இது? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணிக்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து, 35 முதல் 40 மணி உழைப்பவரைவிட 35 சதவீதம் அதிகம் என்கிறது. நீண்ட நேர உழைப்பால் 2016-இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் மாண்டதாக அது கணக்கிட்டது. இதற்குப் பிறகும் 2023-இல் ஒரு பெரிய முதலாளி இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் இன்னொரு கம்பெனித் தலைவர் 90 மணி என்றார். ஏலம் போடுவது யாருடைய மணியை?

"நீ தொழிலாளி அல்ல"

என் மருமகளிடம் "சங்கம் இருக்கா?" என்றேன். "மாமா, நாங்க தொழிலாளி இல்ல, புரொஃபஷனல்ஸ்" என்றாள். சாமர்த்தியமான பூட்டு அது! அசோசியேட், கன்சல்டன்ட், எக்சிகியூட்டிவ் என்று பட்டம் கொடுத்து, "உனக்கு நேரக் கணக்கு கிடையாது" என்று வெளியே தள்ளி வைக்கிறார்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, மேலாளர், நிர்வாகி வேலை பார்ப்பவரும் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் தொழிலாளி அல்லர் என்கிறது. ஆனால் குமாஸ்தா வேலையும் தொழில்நுட்ப வேலையும் செய்பவர் தொழிலாளியே. பழைய சட்டம் இருந்தபோதே, 1985-இல் ஒரு கணக்குப் பிரிவு ஊழியரின் வழக்கில், பட்டப் பெயரைப் பார்க்காதே, முக்கியமாக என்ன வேலை செய்தார் என்று பார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசீதை வைத்துக் கணக்கைச் சரிபார்க்கும் பிள்ளை யாரை மேய்க்கிறாள், யாரை நிர்வகிக்கிறாள்? தணிக்கை செய்பவர் தொழிலாளியா இல்லையா என்பதை வழக்கு மன்றம்தான் முடிவு செய்யும். ஆனால் கேட்காமலே "இல்லை" என்று நாமே ஒப்புக்கொள்ளக் கூடாது.

இதற்கிடையே, மகாராட்டிரத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி என்று வைத்த எல்லையைப் பத்து மணியாக்க மாநில அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. இருக்கிற வேலியை யாரும் மதிக்கவில்லை என்றால் வேலியையே தள்ளி நடுவது என்ன நியாயம்?

நேரம் என்பது யாரும் இரக்கப்பட்டுத் தந்ததல்ல. 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். 1946-இல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோதுதான் ஆலை வேலை வாரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. 1973-இல் ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் பத்து மணி நேர வாக்குறுதியைப் பெற்றார்கள். 1974 மே மாதம் இருபது நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் என் தந்தையும் நின்றார். அந்த மாதம் வீட்டில் கஞ்சிதான் என்று அம்மா சொல்லுவாள்.

லோயர் பரேலில் இன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் மண்ணில் அன்று பஞ்சாலைகள் நின்றன. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் அவை ஒவ்வொன்றாக மூடின. அந்த ஆலையில் புழுதியும் இருமலும் இருந்தன. ஆனால் ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் எந்த முதலாளியும் ஆளை நிறுத்தி வைக்க முடியாது. இன்றைய கோபுரத்தில் குளிர்காற்று இருக்கிறது, காப்பி இயந்திரம் இருக்கிறது. சங்கு மட்டும் இல்லை.

இது நம் பிள்ளை பிரச்சினை மட்டுமல்ல

தூக்கம் இல்லாத கண் எந்தக் கணக்கைச் சரியாகப் பார்க்கும்? 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்பெனித் தலைவர் தம் கணக்கில் பல ஆயிரம் கோடி ரூபாய் பொய் என்று தாமே கடிதம் எழுதினார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய பெருந்தொகை வங்கியில் இல்லை. பெரிய தணிக்கை நிறுவனத்தின் கையொப்பம் ஆண்டுதோறும் அந்தக் கணக்கில் இருந்தது. மோசடி செய்தவர் முதலாளி; ஆனால் பார்க்க வேண்டிய கண் பார்க்கவில்லை. நம் சேமநிதியும் நாம் கட்டும் காப்பீடும் பங்குச் சந்தைக்குப் போகும் காலம் இது. அவசரத்தில் இடப்படும் கையொப்பத்தின் நட்டம் கடைசியில் கூலிக்காரன் வீட்டுக்குத்தான் வரும்.

என்ன செய்யலாம்?

பிள்ளைகளை அந்தப் படிப்புக்கு அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அனுப்புங்கள்! நாம் போராடிப் பெற்ற நாற்காலியை ஏன் விட வேண்டும்? ஆனால் சிலவற்றைச் செய்யுங்கள்.

இளைஞர்களே, உங்கள் உண்மை மணியை உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுங்கள். போன நேரம், வந்த நேரம், போதும். கம்பெனி ரகசியம் ஒன்றும் அதில் எழுத வேண்டாம். நாளை தொழிலாளர் துறையிடம் போனாலும் டாக்டரிடம் போனாலும் பேசப் போவது அந்த ஏடுதான். டைம்ஷீட்டிலும் உண்மையை எழுதுங்கள். தனியாக எழுதினால் பழி வரும் என்றால் குழுவாக எழுதுங்கள். ஐந்து பேர் ஒரே மாதிரி எழுதினால் ஐவரும் மந்தம் என்று எவரும் சொல்ல முடியாது. கணினித் துறையில் சங்கம் வராது என்றார்கள். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பூனாவிலும் வந்துவிட்டது. கணக்குத் துறையிலும் வரும்.

பெற்றோர்களே, பிள்ளை "முடியவில்லை" என்றால் வெயிலில் நின்ற தாத்தாவை இழுக்காதீர்கள். தாத்தா வெயிலில் நின்றது பேத்தி இரவெல்லாம் விழிப்பதற்காக அல்ல. கடன் அடைக்க வேண்டும், தம்பி படிக்க வேண்டும் என்ற பாரத்தையெல்லாம் ஒரே தோளில் ஏற்றிவிட்டு, "வேலையை விட்டுவிடாதே" என்று வாசலில் நிற்காதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு மாலை, இத்தகைய அலுவலகங்களில் இருக்கும் நம் பிள்ளைகள் கூடிப் பேச இந்த அறையைத் திறந்து வைப்போம். சட்டம் தெரிந்தவர் ஒருவர் உட்காரட்டும். சுண்டலும் டீயும் நான் பொறுப்பு.

என் மருமகள் அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது ஒரு கூட்டுறவு வங்கியில் உள்தணிக்கை பார்க்கிறாள். சம்பளம் குறைவு, ஏழரைக்கு வீடு திரும்புகிறாள். போன வாரம் அக்காள் வீட்டுக்குப் போனபோது இரவு ஒன்பது மணிக்குத் தாயும் மகளும் ஒரே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்ப மனமில்லாமல் அத்தானோடு வாசலில் பேசிவிட்டு வந்தேன்.

ஆனால் அவள் எழுந்து வந்த நாற்காலியில் இன்று இரவு இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று இரவு கதவைத் தட்டும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு இதையும் கேளுங்கள்: "எத்தனை மணிக்குப் போனாய், எத்தனை மணிக்கு வந்தாய்? எழுதி வைத்தாயா?"